எதிர் நாற்காலிக்காரர்

மார்ச் 4, திங்கள்

முதல் வண்டி இன்றும் தாமதம். கண்டக்டரின் செருப்பு அறுந்துவிட்டதாம். அப்படியே எழுதிவைத்தேன். டிப்போவில் டைம் கீப்பராக வந்ததிலிருந்து இதைவிட மோசமான காரணங்களை எல்லாம் முகம் மாறாமல் எழுதியிருக்கிறேன்.

மதியம் மேனேஜர் அழைத்தார். மேசைமேல் ஒரு சுற்றறிக்கை. பொதுமக்களோடு பழகுகிற ஊழியர்கள் எல்லோருக்கும் மனநல முதலுதவிப் பயிற்சி கட்டாயமாம். டிரைவர், கண்டக்டர், செக்கிங், வாட்ச்மேன், ஒருவர் பாக்கியில்லாமல். அது முடிந்ததும் டிப்போவைச் சுற்றியிருக்கிற தெருக்காரர்களுக்கும் நடத்த வேண்டுமாம். மனசு விட்டுப்போனவர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டு, இறங்குமிடம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று எழுதியிருந்தது. அது உண்மைதான். கடைசி நிறுத்தத்தில் அப்படி யாராவது உட்கார்ந்திருந்தால் "ஏங்க, காது கேக்கலையா, இறங்குங்க" என்பதுதான் இதுவரை எங்கள் முதலுதவி.

"பொறுப்பாளர் ஒருத்தர் போடணுமாம். நீங்கதான் மேடம்."

"நான் எதுக்கு சார்?"

"உங்களுக்குத்தான் எதுவும் ஒட்டாது. அழ மாட்டீங்க, பதற மாட்டீங்க."

பாராட்டா, திட்டா, தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் கையிலிருந்த விடைத்தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கணக்கு வாத்தியார் சிரிப்பதே அபூர்வம். "நீ யாருக்காவது ஆறுதல் சொல்லி நான் பார்த்ததே இல்லையே. எங்கப்பா போனப்பகூட வந்தவங்ககிட்ட எல்லாம் 'சாப்பிட்டாச்சா'ன்னுதான் கேட்டுக்கிட்டு இருந்த."

யாராவது ஒருவர் கேட்கத்தானே வேண்டும்.

மார்ச் 7, வியாழன்

முதல் பயிற்சி. டிரைவர்கள் தூங்குகிற ஓய்வறையில் கட்டில்களைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து இடம் பண்ணினோம். எண்ணெய் வாசனை, ஈரத் துண்டு வாசனை. ஜன்னலில் காயப்போட்டிருந்த பனியன்களை நானே எடுத்து உள்ளே வைத்தேன்.

பயிற்சி தருபவர் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இருப்பவர். சின்ன உருவம், மெல்லிய குரல். இந்தக் கூட்டத்தில் இந்தக் குரல் எடுபடாது என்று நினைத்தேன். எடுபட்டது. அவர் பேசினால் எல்லோரும் கேட்பதற்காகவே வாயை மூடிக்கொண்டார்கள். நான் மனசுக்குள் அவரைப் பயிற்சியம்மா என்று வைத்துக்கொண்டேன்.

ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார். பார், பக்கத்தில் போ, கேள், காது கொடு, கொண்டு போய்ச் சேர். ஒவ்வொன்றின் கீழும் அறிகுறிகள், கேட்க வேண்டிய கேள்விகள் என்று சில வரிகள். சொல்லக் கூடாதவை பின்பக்கம்: "எல்லாம் சரியாயிடும்", "உனக்கு என்ன குறை", "உன் மேல என்ன தப்பு", "மத்தவங்களைப் பாரு". இதையெல்லாம் எடுத்துவிட்டால் மனிதர்கள் பேசிக்கொள்ள என்னதான் இருக்கிறது?

கேள் என்பதில்தான் சிக்கல். சந்தேகம் வந்தால் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிட வேண்டுமாம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டுவிடாதா என்று யாரோ கேட்டார்கள். கிளப்பாது, கேட்டவரிடம் சொல்லலாம் என்ற தைரியம்தான் வரும் என்றார்.

பிறகு ஒத்திகை. இரண்டு நாற்காலி எதிரெதிரே. ஒருவர் துயரப்பட்டவர், ஒருவர் உதவுகிறவர். யாருக்கும் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. "அந்த மாதிரி... ஏதாவது... இப்படி அப்படி எண்ணம்..." என்று இழுத்தார்கள். சில்லறை மட்டும் கேட்டான். அவன் பெயர் எதுவோ, டிப்போ முழுக்கச் சில்லறைதான். கண்டக்டர், எதிலும் அவசரம். பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற அதே குரலில், "சாவு எண்ணம் இருக்கா, இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் வந்து சொன்னா செல்லாது" என்றான். பயிற்சியம்மாவே சிரித்துவிட்டார்.

மார்ச் 8, வெள்ளி

காது கொடுப்பதை வீட்டில் முயன்றேன். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது" என்றேன். "என்னத்தப் புரியுது? உப்பு கம்மின்னு சொன்னேன். போய் எடுத்துட்டு வா" என்றார்.

மார்ச் 14, வியாழன்

இரண்டாம் குழு. துயரப்பட்டவராக உட்கார ஒருவனும் முன்வரவில்லை. கௌரவக் குறைச்சலாம். மூலையில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நிதானத்தைப் பார்த்து மேனேஜர், "அவர் சும்மாதானே இருக்கார், உக்கார வைங்க" என்றார்.

நிதானம் என்பது டிரைவர்கள் வைத்த பெயர். "நிதானம் வண்டியா? அப்ப வீட்ல போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வரலாம்" என்று கேலி செய்வார்கள். அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். அப்படி ஓட்டியவர் வண்டிக்குக் குறுக்கேதான் போன வருஷக் கடைசியில் கண் பார்வை மங்கிய ஒரு பெரியவர் வந்து விழுந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது. விசாரணையில் டிரைவர்மேல் தப்பில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது என்று இவரே சொன்னதால் லைட் டியூட்டி. பாய் சுருட்டுவது, தண்ணீர் கேன் மாற்றுவது, அறிவிப்பு ஒட்டுவது. வாயில்லாப் பூச்சி.

உதவுகிறவராக நான் உட்கார்ந்தேன். முதலில் அட்டையில் இருந்ததைத்தான் சொன்னார். தூக்கமில்லை, பசியில்லை. பிறகு அட்டையில் இல்லாததைச் சொன்னார். "காலையில ஷூ லேஸ் கட்டக் குனியுறேங்க. குனிஞ்சா அப்படியே இருக்கலாம்னு இருக்கு. நிமிர்ந்து என்ன பண்ணப்போறோம்னு இருக்கு."

முடிந்ததும் கைதட்டல். மேனேஜர் என் காதில், "ஆள் கிடைச்சாச்சு மேடம்" என்றார்.

மார்ச் 22, வெள்ளி

மூன்றாம் குழு, நான்காம் குழு, ஒரே நாளில். எதிர் நாற்காலியில் நிதானமேதான்.

பயிற்சியம்மா இரண்டு விதி சொல்லியிருந்தார். துயரப்பட்டவராக உட்காருகிறவர் ஒவ்வொரு தடவையும் மாற வேண்டும். முடிந்ததும் அவருக்கு வேஷம் கலைக்க வேண்டும்: எழுந்து நின்று கையை உதறி, சொந்தப் பெயரைச் சொல்லி, இன்று என்ன வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே ஒரு நடை போய்வர வேண்டும். மேக்கப்பே போடாத வேஷத்தை எங்கே கலைப்பது என்று நாங்கள் கேலி பண்ணினோம். அவர் இருக்கிறவரை செய்தோம். இரண்டாம் வாரத்திலிருந்து அவர் வராத நாட்களில் நானே நடத்துகிறேன். அடுத்த ஷிப்ட் ஆட்கள் வாசலில் நிற்பார்கள், வண்டி கிளம்ப வேண்டும். கலைப்பதை விட்டுவிட்டேன்.

ஆள் மாற்றுவதையும் கேட்டுப் பார்த்தேன். "ஓடுற வண்டிக்கு எதுக்கு மேடம் டயர் மாத்தணும்?" என்றார் மேனேஜர். எனக்கும் அதுதான் சௌகரியம். வேறு யாரை உட்கார வைத்தாலும் சிரித்துவிடுகிறார்கள்.

ஏப்ரல் 3, புதன்

தெருக்காரர்களுக்கான பயிற்சி. பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில், குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரி போடுபவர், மருந்துக் கடைக்காரர், குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஏராளமான பெண்கள்.

நிதானம் பேசப் பேச இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "எல்லாரும் என்னை நல்லவன்னு சொல்றாங்க. அதைக் கேட்டா இன்னும் கூசுது" என்றார். இது எந்த அட்டையில் இருக்கிறது? எங்கிருந்துதான் பிடிக்கிறாரோ. சாவு எண்ணம் உண்டா என்ற அந்தக் கேள்வியை நான் கேட்டதும், வழக்கம்போலத் தலையைக் குனிந்து, "அவ்வளவு தூரம் போகலைங்க" என்றார். நான் உதவி எண்ணைச் சொன்னேன். கைதட்டல், டீ, பிஸ்கெட்.

சங்கச் செயலாளர் அவர் முதுகில் தட்டி, "டிராமாவுல இருந்தீங்களா?" என்று கேட்டார். இல்லைங்க என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை மடக்கப் போய்விட்டார்.

ஏப்ரல் 5, வெள்ளி

அடுத்த டிப்போவிலிருந்து போன். ஒத்திகைக்கு எங்கள் ஆளை இரவல் கேட்கிறார்கள். மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

டிரைவர்கள் ஒவ்வொருவரும் சீட்டுக்குச் சொந்தமாக ஒரு மெத்தை வைத்திருப்பார்கள். வேறு ஆள் உட்கார்ந்தால் சண்டை நடக்கும். நிதானத்தின் மெத்தை நல்ல பஞ்சு, அவர் மனைவி தைத்தது. அதைப் புதிதாக வந்த டிரைவரிடம் கொடுத்துவிட்டாராம். "இனிமே எனக்கு எதுக்கு, நீ வச்சுக்க" என்றாராம். புது டிரைவர் என்னிடம் காட்டிப் பூரித்தான்.

நிரந்தரமாக ஆபீஸ் வேலைக்கே எழுதிக்கொடுக்கப் போகிறார் போலிருக்கிறது.

ஏப்ரல் 16, செவ்வாய்

நிதானத்தின் மனைவி வந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றிருக்கிறார், நான் யாரோ பாஸ் கேட்டு வந்தவர் என்று விட்டுவிட்டேன். உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தும் பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க தெருவுல இருக்கிறவங்க அன்னிக்கு ஸ்கூல்ல வந்து கேட்டாங்களாம். உங்க வீட்டுக்காரர் என்னமா பேசுறாருன்னு சொன்னாங்க. எங்கிட்ட அவர் பேசி மாசக்கணக்காச்சு மேடம். உங்ககிட்ட என்ன பேசுறார்?"

அது நடிப்பும்மா என்றேன். நல்லா நடிக்கிறார், எல்லா டிப்போவிலயும் அவரைத்தான் கேக்கிறாங்க என்றேன். பெருமையாகக்கூடச் சொன்னேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "அவருக்குப் பொய்யே வராதுங்க. காய்ச்சல்னு சொல்லி ஒரு லீவு எடுக்கத் தெரியாது. பெரியவ பிறந்தநாளுக்கு 'பொண்ணு பிறந்தநாள்'னே எழுதிக்கொடுத்து லீவு கிடைக்காம வந்த ஆளு. அவர் எங்க நடிக்கிறது?"

டீ சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஷூ லேஸ். நல்லவன் என்றால் கூசுகிறது. மெத்தை. பிடித்தமான பொருளைப் பிறருக்குக் கொடுப்பது - அது அட்டையிலேயே இருக்கிறது, 'பார்' என்பதற்குக் கீழே, இரண்டாவது வரி. எத்தனை பேருக்கு அதை வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 17, புதன்

கேட்டுவிடுவது என்றுதான் போனேன். நாளைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். ஷெட்டுக்கு முன்னால் பந்தல். நிதானம் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள். மேனேஜர் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

"நல்லா இருக்கேன் மேடம்."

அட்டையில் இருக்கிற கேள்வி அது இல்லை. எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் இழுக்காமல் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறவள், ஆள் எதிரில் நின்றபோது நானும் இழுத்தேன். இழுக்கக்கூட இல்லை, நழுவினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். விடைத்தாள் திருத்துவதை நிறுத்திவிட்டு, "நாளைக்கு அவரை உக்கார வைக்காதே" என்றார். அதிகாரிகள் வருகிறார்களே, கடைசி நேரத்தில் ஆளை மாற்றினால் என்ன சொல்வது என்றேன். அவர் மறுபடியும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

காலையில் முதல் வேலையாகத் தனியே கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும்.

ஏப்ரல் 18, வியாழன்

காலையில் கேட்கவில்லை. இரண்டு வண்டி பிரேக்டவுன், போன்மேல் போன், அதற்குள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். இது காரணம் இல்லை. ஆனால் இதுதான் நடந்தது.

பந்தல் நிரம்பிவிட்டது. அதிகாரிகள் முன் வரிசையில். டிப்போ ஆட்கள், தெருக்காரர்கள், பயிற்சியம்மாவும் ஒரு ஓரத்தில். எனக்கு ஒரு மைக், அவருக்கு ஒரு மைக். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

அவர் பேசினார். நான் காது கொடுத்தேன். முதல் தடவையாக, நிஜமாகவே கொடுத்தேன். மற்ற நாட்களில் அவர் பேசும்போது அடுத்த வரி என்ன, வண்டி எத்தனை மணிக்கு என்றுதான் என் மனம் ஓடும். விபத்தில் இறந்த அந்தப் பெரியவரின் கைப்பை ரோட்டில் கிடந்ததாம். அதிலிருந்து மருந்துச் சீட்டு வெளியே வந்து காற்றில் போனதாம். இறங்கி ஓடி அதைத்தான் முதலில் பிடித்தாராம். ஆளைப் பார்க்காமல் காகிதத்தைப் பிடித்தேனே என்றார்.

என்னுடைய மைக்கைக் கீழே வைத்தேன். "உங்களுக்குச் சாகணும்னு தோணுதா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனியவில்லை. என்னைப் பார்த்தார்.

"தோணுது."

அவர் கையில் மைக் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எப்ப, எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா - அடுத்த கேள்வி அதுதான், அதையும் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை. புள்ளைங்க ரெண்டும் அவங்க அத்தை வீட்டுக்குப் போகுதுங்க. இவளும் கூடப் போறா. வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க."

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். முன் வரிசையில் ஒரு அதிகாரி பக்கத்திலிருப்பவரிடம் குனிந்து ஏதோ பாராட்டினார். மேனேஜர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கை தட்டாதீங்க, ஐயோ கை தட்டாதீங்கன்னு சொன்னேன், மைக் இல்லை, யாருக்குக் கேட்டுச்சு? அது நடிப்பு இல்லதானே என்று அவரிடம் கேட்டேன். "இல்லைங்க" என்றார். ஏதோ டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வாங்க போகலாம் என்றேன். எழுந்து வந்தார். நாங்கள் பந்தலை விட்டு வெளியே வருகிறவரை கைதட்டல் நிற்கவில்லை. பயிற்சியம்மா மட்டும் ஓடிவந்தார். சில்லறை எங்கள் முகத்தைப் பார்த்தான், ஒரு கேள்வி கேட்காமல் ஆபீஸ் ஜீப் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அவனுடைய அவசரத்துக்கு இன்றுதான் ஒரு வேலை இருந்தது.

ஜீப்பில் நடுவில் அவர். ஒரு பக்கம் நான். மணிக்கட்டை விடவேயில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி வந்து சேர்ந்த பிறகுதான் விட்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

வார்டில் சேர்த்திருக்கிறார்கள். மனைவி கூடவே இருக்கிறார். பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று பயிற்சியம்மா உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

டிப்போவுக்குத் திரும்பினேன். அதிகாரிகள் பார்வையேட்டில் 'செயல்விளக்கம் மிக இயல்பாக அமைந்தது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்களாம். மேனேஜர் அதைப் படித்துக் காட்டிவிட்டு, பாதியில் எழுந்து போனது மட்டும் கொஞ்சம் ஒழுங்கில்லை என்றார். நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான்தானே மேடம் உக்கார வைக்கச் சொன்னேன்."

"நாம ரெண்டு பேரும் சார்."

ஏப்ரல் 21, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து எதிலும் கை ஓடவில்லை. பொழுது சாய்ந்த பிறகு அவர் மனைவிக்குப் போன் போட்டேன். தூங்குகிறார் என்றார். தூங்குவதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூச்சு வருகிறதா என்று கேட்டேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. "வருது மேடம்" என்றார் அவர். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

பயிற்சியம்மா டிப்போவுக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மெல்லிய குரலிலேயே திட்டினார், அதுதான் தாங்கவில்லை.

"விதி எல்லாம் உங்க நேரத்தைக் கெடுக்க வைக்கலீங்க. ஒரே ஆளை அந்த நாற்காலியில தினமும் உக்கார வச்சா, நடிக்கிறவரா இருந்தாலும் மனசு அதுலயே ஊறிடும். இவர் நடிக்கவும் இல்ல."

சரிங்க என்றேன். அவமானமாக இருந்தது. என்னை இந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன்.

"எடுத்துட்டு? நாளைக்கு இதே தப்பைப் பண்ண வேற ஒருத்தரைப் போடணுமா? நீங்க இனிமே பண்ண மாட்டீங்க. நீங்களே இருங்க."

மே 14, செவ்வாய்

நிதானத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரரும் வந்தார், வாசலிலேயே நின்று அவர்களுடைய சின்னப் பெண்ணுக்கு வீட்டுப்பாடக் கணக்கைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

நிதானம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம். நியாயம்தான். நாலு பேருக்கு நடுவில் சொன்னதை நான் நிஜமாக்கிவிட்டேன், மனைவியிடம் சொல்லிவிட்டேன், ஊருக்கே தெரிந்துவிட்டது. மனைவி டீ போட உள்ளே போனார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்கக் கூடாதுதான், கேட்டேன். அவ்வளவு கஷ்டமா இருந்தும் ஒவ்வொரு தடவையும் ஏன் வந்து உட்கார்ந்தீங்க?

என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "வெளியில யார்கிட்ட வாயைத் திறந்தாலும், 'உன் மேல தப்பில்லன்னு எழுதியே கொடுத்துட்டாங்கல்ல, அப்புறம் என்ன'ன்னு முடிச்சிடுவாங்க. அந்த நாற்காலியில உக்கார்ந்தா யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. அட்டையில சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குல்ல. நீங்க முழுசாக் கேப்பீங்க."

நான் கேட்கவே இல்லையே, வண்டி நேரத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அந்த மனிதர் அத்தனை வாரமும் அதைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதை எதற்கு நான் பிடுங்க வேண்டும்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் கேட்டார், "என்ன, கண்ணுல தூசியா?" ஆமாம் என்றேன்.

ஜூன் 10, திங்கள்

நிதானம் வேலைக்கு வந்துவிட்டார். டாக்டர் சொல்படி, ரோட்டுக்கு இல்லை. வண்டி கழுவுமிடத்தில் வண்டிகளை வரிசைப்படுத்துகிற வேலை. டிப்போ வளாகத்துக்குள்ளேயே ஆமை வேகத்தில் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி.

டிப்போ ஆட்களுக்கு அவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. பயிற்சி எடுத்த பயல்கள் எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார்கள். சில்லறைதான் போய், "நிதானம், வண்டிய அந்தப் பக்கம் தள்ளுங்க, என் டிபன் வெயில்ல காயுது" என்றான். அவர் தள்ளினார்.

ஜூலை 4, வியாழன்

பயிற்சி மறுபடியும் ஆரம்பம். இப்போது சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எதிர் நாற்காலி. மேனேஜருக்கே ஒரு தடவை விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்று தொடங்கினார். எதிரே இருந்த வாட்ச்மேன் விடாமல் காது கொடுக்க, ரிட்டையராகிவிட்டால் தன்னை யார் சார் என்று கூப்பிடுவார்கள் என்பதில் வந்து நின்றார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முடிந்ததும் எழுப்பி, கையை உதறச் சொல்லி, பெயர் சொல்ல வைத்து, வெளியே ஒரு நடை அனுப்பினேன். வெளியே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கட்டும்.

ஜூலை 23, செவ்வாய்

நிதானம் இன்று கழுவுமிடத்தில் எவனையோ, "ரிவர்ஸ் பார்த்து எடுடா" என்று அதட்டினாராம். செய்தி டிப்போ முழுக்கப் பரவியது.

ஆகஸ்ட் 19, திங்கள்

டாக்டரின் தகுதிச் சான்று வந்துவிட்டது. இரண்டு வாரம் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த விபத்து நடந்த தெரு வழியாகப் போகும் தடம் வேண்டாம் என்று நான் மாற்றிப் போட்டேன்.

முதல் நாள் இறங்கிவரும்போது சட்டை முதுகு முழுக்க வியர்வை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். என்னோடு இன்னும் அளவாகத்தான் பேசுகிறார். எதற்கும் சரிங்க மேடம். எந்த டியூட்டி போட்டாலும் சரிங்க மேடம். எனக்கு அந்தச் சரிங்க மேடத்தைக் கேட்டாலே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் கூட்டமான நேரம். நிதானத்துக்குத் தனியாக வண்டி எடுக்க அனுமதி வந்த முதல் வாரம். அவருடைய வழக்கமான வண்டி எஃப்.சி. சோதனைக்குப் போயிருந்ததால் வேறொரு வண்டியைப் போட்டிருந்தேன். எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், நிறுத்திவிட்டு இறங்கி வந்து, சாவியை என் ஜன்னல் பலகையில் தடாலென்று வைத்தார்.

"இந்த வண்டிய நான் எடுக்க மாட்டேன் மேடம்."

ஏன் என்று கேட்டேன்.

"பிரேக் மெத்துன்னு உள்ள போகுது. நேத்து ஓட்டினவன் எழுதிக்கூட வைக்கல. ஒர்க் ஷாப்புல யாருமே பார்க்கல. நீங்க பாட்டுக்கு நம்பரை எழுதிச் சாவியைக் கொடுத்துடுறீங்க."

வேறு வண்டி இல்லை, ஒரு நடை மட்டும் போய்விட்டு வாருங்கள் என்று பின்னாலிருந்து மேனேஜர் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் ஜனம் நிற்கிறதாம். இது நாங்கள் எல்லா டிரைவரிடமும் சொல்கிற வார்த்தைதான். மெத்தென்ற பிரேக்கோடு எத்தனையோ வண்டி இந்த வாசலைத் தாண்டியிருக்கிறது.

நிதானம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். இந்த மனிதருக்கு இவ்வளவு சத்தம் உண்டென்று எனக்குத் தெரியாது. "என்னங்க சார் விளையாடுறீங்களா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. இதை எடுத்துட்டுப் போய் நான் சாகவா?"

வரிசையில் நின்ற கண்டக்டர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை.

"வேணாம்" என்றேன். "எடுக்க வேணாம். உக்காருங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுறேன்."

"உக்கார எல்லாம் முடியாது, சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் போய்விட்டார். மெக்கானிக் வருவதற்குள் இரண்டு தடவை ஜன்னலுக்கு வந்து என்னைத் திட்டினார்.

வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது. காரணம் என்ற இடத்தில் பிரேக் என்று எழுதினேன்.